போனதற்கும் வந்ததற்கும் ஒரே படம்

'லா கம்பானா' பத்திரிகையின் படப்பிரிவுத் தலைவர் ஒனோஃப்ரே லபார்காவைப் பற்றி வால்பராய்சோ துறைமுகத்தில் யாரைக் கேட்டாலும் ஒன்றைத்தான் சொல்வார்கள்: கண்ணால் பார்க்காததை அந்த மனுஷன் வரையமாட்டான். ஊரில் எங்கே தீப்பிடித்தாலும் தண்ணீர் வண்டிக்கு முன்னால் அவர் போய் நிற்பார். படகு கவிழ்ந்தால், பிணத்தின் மேல் போர்த்திய சாக்கை விலக்கச் சொல்லி, முகத்தைப் பார்த்த பிறகுதான் பென்சிலை எடுப்பார். ஒரு கொலைகாரனைச் சுட்டுக் கொன்ற காலையில், சுட்டவர்களைவிடக் கிட்டத்தில் நின்றவர் இவர்தான் என்று சிறைக் காவலர்கள் ரொம்ப நாள் கேலி பேசினார்கள். அப்படிப்பட்டவர் ஒரு பொய்ப்படம் போட்டார். அதுவும் பெரிதாக, முதல் பக்கத்தில், பண்டிகை நாளில்.

அவர் பிறவிப் பத்திரிகைக்காரர் அல்ல. கப்பல்களின் பின்புறத்தில் பெயர் எழுதிப் பிழைத்துக்கொண்டிருந்தவர். சுங்கக் கிடங்கு எரிந்த அன்று பெயின்ட் வாளியைக் கீழே வைத்துவிட்டு, பக்கத்தில் கிடந்த ஒரு பெட்டியின் மூடியில் அந்தத் தீயை வரைந்தார். ஆசிரியர் தொன் எவாரிஸ்தோ அதைப் பார்த்துவிட்டு மூடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அலுவலகத்துக்கு ஓடினார்; பெட்டிக்குச் சொந்தக்காரன் அதைவிட வேகமாகப் பின்னால் ஓடினான். அதுவரை 'லா கம்பானா'வில் மொத்தமே இரண்டு படங்கள்தான்: கப்பல் விளம்பரத்துக்கு ஒரு கப்பல், சாவு அறிவிப்புக்கு ஒரு சிலுவை. ஒனோஃப்ரே வந்த பிறகு மந்திரிகளுக்கு மூக்கு வந்தது, திருடர்களுக்கு மீசை வந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவர்கள்கூடப் பத்திரிகை வாங்க ஆரம்பித்தார்கள். மேடுகளில் குடியிருக்கும் ஜனங்கள் "கம்பானா பார்த்தியா?" என்றுதான் கேட்பார்கள், "படிச்சியா?" என்று கேட்கமாட்டார்கள். படத்தில் வந்துவிட்டால் அது நடந்தது என்று அர்த்தம்.

கொஞ்ச வருஷத்தில் அவருக்குக் கீழே நான்கு ஓவியர்கள், ஜன்னலோரம் பெரிய மேசை, கதவில் பெயர்ப்பலகை எல்லாம் வந்தன. கல்யாணம் மட்டும் செய்துகொள்ளவில்லை. கேட்டால் நேரமில்லை என்பார். அது சாக்கு இல்லை, நிஜமாகவே நேரமில்லாத மனிதர்.

அந்தக் காலத்தில் ஒரு படம் அச்சாவது லேசான காரியமில்லை. வரைந்ததைத் துத்தநாகத் தகட்டில் ஏற்றி, அமிலத்தில் அரிக்கவிட்டு, பிளாக்காக எடுத்து அச்சுக்கு அனுப்ப முழுசாக ஒரு நாள் ஆகும். அதனால் எந்தப் பிளாக்கையும் தூக்கி எறியமாட்டார்கள். வேலை முடிந்த பிளாக்குகள் மாடிப்படிக்கு அடியில் ஒரு பெரிய அலமாரியில் கிடக்கும். அச்சுக்கூடத்துக்காரர்கள் அந்த அலமாரிக்கு வைத்த பெயர் 'உத்தரிக்கிற ஸ்தலம்'. மோட்சத்துக்கும் போகாமல் நரகத்துக்கும் போகாமல் நடுவில் காத்துக்கிடக்கிற ஆத்துமாக்களைப்போல, மறுபடி கூப்பிடமாட்டார்களா என்று அவை காத்துக்கிடந்தன. புது பிஷப் வந்தால் பழைய பிஷப்பின் பிளாக்கை எடுத்துத் தலையை மட்டும் மாற்றுவது அங்கே சகஜம். வாசகனுடைய ஞாபகம் அந்தத் தாளில் மீன் சுற்றுகிற வரைக்கும்தான் என்பது தொன் எவாரிஸ்தோவின் கொள்கை. ஒனோஃப்ரேவுக்கு அந்த அலமாரியைக் கண்டாலே ஆகாது. தன் ஆட்களில் யாராவது அதன் சாவியைக் கேட்டால், "உனக்குக் கால் இல்லையா? போய்ப் பார்த்து வரைஞ்சுட்டு வா" என்று விரட்டுவார்.

அந்த வருஷம் வடக்கே பாலைவனத்தில் வெடியுப்பு வெட்டியெடுக்கும் களங்கள் பல மூடிவிட்டன. பிழைக்கப் போயிருந்த பையன்களைச் சுதந்திரத் திருநாளுக்குள் ஊர் சேர்ப்பதற்காக 'இமெல்தா' என்ற நீராவிக் கப்பல் வந்துகொண்டிருந்தது. திருநாள் செப்டம்பர் பதினெட்டு. முதல்நாள் காலையில் கப்பல் வரவேண்டும். மேடுகளில் வீட்டுக்கு வீடு சுவருக்குச் சுண்ணாம்பு அடித்து, கொடி கட்டி, திராட்சைச் சாராயம் வாங்கி வைத்திருந்தார்கள். 'வீடு வந்த பிள்ளைகள்' என்று முதல் பக்கம் முழுக்க ஒரு படம் போடுவது என்று தொன் எவாரிஸ்தோ முடிவுசெய்திருந்தார். கப்பல் வரும், ஒனோஃப்ரே வரைவார், பிளாக் போடும் இத்தாலிக்காரன் பெப்பே மூச்சு விடாமல் வேலை செய்வான், விடிந்தால் பத்திரிகை.

கப்பலுக்குப் பதில் மூடுபனி வந்தது. மத்தியானம் வரைக்கும் துறைமுகத்தில் நின்று பார்த்துவிட்டு ஒனோஃப்ரே வெறும் அட்டையோடு திரும்பினார். ஆசிரியர் மாடிப்படியிலேயே மறித்துக்கொண்டார்.

"கப்பல் எங்கேய்யா?"

"பனியில வெளியே எங்கேயாவது நங்கூரம் போட்டு நிக்கும். வந்ததும் வரைஞ்சு தர்றேன்."

"வந்ததும் வரைஞ்சா பிளாக் என்னைக்கு வரும்? நாளைக்கு ராத்திரி. அதுக்கப்புறம் பண்டிகை லீவு, பத்திரிகையே கிடையாது. பிளாக்கை என்ன பண்றது, வாசல்ல தோரணமா கட்டறதா?"

"அதுக்காகப் பார்க்காததை எப்படி வரையச் சொல்றீங்க?"

"யாரு வரையச் சொன்னா? ரெண்டு வருஷம் முன்னாடி இதே பசங்க இதே கப்பல்ல ஏறிப் போனப்ப நீயே போய் நின்னு வரைஞ்சியே. அந்தப் பிளாக் உள்ளேதானே கிடக்கு."

"அது போன படம்."

"இருக்கட்டுமே. போறவனும் கைக்குட்டையை ஆட்டுறான், வர்றவனும் கைக்குட்டையை ஆட்டுறான். கீழே நிக்கிற பொம்பளைங்க அப்பவும் அழுதாங்க, இப்பவும் அழத்தான் போறாங்க. என்ன வித்தியாசம்னு நீயே சொல்லு. சொல்லிட்டா நான் விட்டுடறேன்."

ஒனோஃப்ரே யோசித்தார். தப்பு அங்கேதான் நடந்தது. முடியாது என்று ஒரு வார்த்தையில் சொல்லியிருக்கலாம்; அவரோ ஓவியர் புத்தியோடு நிஜமாகவே வித்தியாசத்தைத் தேட ஆரம்பித்துவிட்டார். தூக்கிய கை, ஆடுகிற துணி, புகைபோக்கி, கப்பல் வந்து அணைகிற பாலத்துப் படிகளில் கறுப்பு முக்காடுகள். எதைத் தொட்டாலும் இரண்டுக்கும் பொருந்தியது. சொல்லத் தெரியவில்லை. சொல்லத் தெரியாத நேர்மைக்காரன் என்ன செய்வான், ஒப்புக்கொள்வான். அலமாரியிலிருந்து பிளாக் வெளியே வந்தது. கப்பலின் கம்பங்களில் பண்டிகைக் கொடிகளைச் சேர்த்துக் கொடுத்தான் பெப்பே. 'பிழைக்கப் போகிறார்கள்' என்றிருந்த படக்குறிப்பு 'வீடு வந்தார்கள்' ஆயிற்று.

விடிந்ததும் பத்திரிகை விற்றுத் தீர்ந்தது. மூடுபனிக்குள் கப்பல் எந்த நேரம் வந்ததோ என்று ஜனங்கள் படத்தைப் பார்த்துக்கொண்டே கீழே இறங்கி வந்தார்கள். துறைமுகத்தில் கப்பல் இல்லை. வடக்கிலிருந்து வரும் வழியில், லாஸ் வீலோஸ் என்ற கரையோர ஊருக்கு அருகே பாறையில் மோதி, அது முந்தின நாளே உடைந்துபோயிருந்தது. ஒருவரும் பிழைக்கவில்லை. சில உடல்களைக் கடல் கொடுத்தது, பலவற்றைக் கொடுக்கவில்லை. தந்தி வந்து சேர்ந்தபோது திருநாள் கூடாரங்களில் ஜோடி ஜோடியாக ஆடிக்கொண்டிருந்தார்கள்.

லீவு முடிந்து வந்த பத்திரிகை கறுப்புக் கட்டம் கட்டி வந்தது. ஒனோஃப்ரே குதிரையில் லாஸ் வீலோஸ் போய், கரையில் கிடந்தவர்களை முகம் முகமாகப் பார்த்து வரைந்து கொண்டுவந்திருந்தார். அந்தப் படங்களை ஆசிரியர் ரொம்ப மெச்சினார். ஆனால் பதினெட்டாம் தேதிப் படத்தைப் பற்றிப் பத்திரிகையில் ஒரு எழுத்து இல்லை. ஒரு தகப்பன் வந்து வாசற்படியில் துப்பிவிட்டுப் போனார். யாரோ ஜன்னல் கண்ணாடியை உடைத்தார்கள். பிறகு கோபமும் தேய்ந்து, மற்றதைப்போல அதுவும் மீன் சுற்றப் போய்விட்டது என்று ஆசிரியர் நினைத்தார்.

அடுத்த வாரம் ரொசெந்தா வந்தாள்.

தோரோ மேட்டில் கப்பல் அதிகாரிகளுடைய சட்டைக் காலர்களுக்குக் கஞ்சி போட்டு இஸ்திரி போடுகிறவள். ஐம்பது தாண்டிய விதவை. பத்திரிகையின் முதல் பக்கத்தைச் சுருக்கம் இல்லாமல் மடித்துக் கொண்டுவந்திருந்தாள். ஒனோஃப்ரேவின் மேசையில் விரித்து, உள்ளங்கையால் ஒரு தடவு தடவினாள்.

"இந்தப் படம் போட்டது நீங்கதானே ஐயா?"

"ஆமாம்மா." இவளும் துப்பத்தான் போகிறாள் என்று நினைத்தார்.

"நல்லாயிருக்கு. இதோ, கம்பியைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறானே, இது என் பையன். பெர்மீன்."

கப்பல் விளிம்பில் வரிசையாகத் தொப்பிகளும் முதுகுகளும் பக்கவாட்டு மூக்குகளுமாக இருந்த கூட்டத்தில், ஒரே ஒரு முகம்தான் நேராகப் பார்த்தது. கையைத் தூக்கிக்கொண்டு, வாய் நிறையச் சிரித்துக்கொண்டு. அவள் விரல் அதன்மேல் இருந்தது.

"அம்மா, இந்தக் கப்பல் என்னாச்சுன்னு..."

"தெரியாம என்ன? முழுகிப்போச்சு. எங்க மேட்டுலயே நாலு வீட்ல கறுப்புத் துணி. பாவம், அந்தப் பசங்க இங்க இறங்காம அடுத்த துறைமுகத்துக்குப் போயிருக்கானுங்க போல. படத்துல அவனுங்க ஒருத்தனும் இல்ல, நல்லாத் தேடிப் பார்த்துட்டேன். என் பையன் இங்கேயே இறங்கிட்டான். ஏதோ மாதா புண்ணியம்."

ஒனோஃப்ரே வாயைத் திறந்தார். அவள் விடவில்லை.

"நான் கேக்க வந்தது வேற. இறங்கி எந்தப் பக்கம் போனான்? நீங்க அங்கதானே இருந்தீங்க. மூட்டை முடிச்சு வச்சிருந்தானா? கூட யாராவது பொம்பளை இருந்தாளா? இருந்தாலும் சொல்லுங்க, நான் ஒண்ணும் திட்டமாட்டேன்."

"வீட்டுக்கு வரலையாம்மா?" என்றார் ஒனோஃப்ரே. கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"வரமாட்டான். போறப்பச் சண்டை. களத்துக்கு ஆள் பிடிக்கிறவன்கிட்டப் பேர் குடுத்துட்டு வந்து நிக்கிறான், எனக்கு ஆத்திரம். இந்தப் படியைத் தாண்டினா உனக்கு அம்மா கிடையாதுன்னு சொல்லிட்டேன். பொறந்ததுலேருந்து நான் சொன்ன ஒரு பேச்சை அவன் கேட்டதில்லைங்க. இந்த ஒரு பேச்சைப் பாருங்க, எப்படிப் பிடிச்சுக்கிட்டான்னு." அவள் சிரித்தாள். "ஆனா மாலுமி ஒருத்தன் மூலமா 'திருநாளுக்கு வர்றேன், அம்மாகிட்டச் சொல்லு'ன்னு சேதி அனுப்பியிருந்தான். படத்துல சிரிச்சுக்கிட்டும் இருக்கான். அப்புறம் ஏன் வரலைன்னுதான் எனக்குப் புரியலை."

"கூட்டமா இருந்துச்சும்மா. நான் கவனிக்கலை."

"பல்லுகூட வரைஞ்சிருக்கீங்க, கவனிக்கலைங்கறீங்களே." மறுபடி குனிந்து பார்த்தாள். "உப்புக் காட்டுல ரெண்டு வருஷம் கிடந்திருக்கான், மூஞ்சி ஒரு பொட்டு மாறலை பாருங்க."

யோசித்துப் பார்க்கிறேன் என்று ஏதோ சொல்லி அவளை அனுப்பிவைத்தார். அனுப்பிய பிறகு நாற்காலியில் உட்கார்ந்து தன்னைத்தானே திட்டிக்கொண்டார். அவள் பார்வையில் பிழையே இல்லை. அது அவள் மகன்தான். இரண்டு வருஷத்துக்கு முந்திய மகன். லாஸ் வீலோஸ் கரையில் பார்த்த முகங்களில் இந்த முகம் இல்லை; கடல் திருப்பிக் கொடுக்காதவர்களில் ஒருவன். செத்தவன் செத்ததுகூட அவளுக்குக் கிடைக்கவில்லை. உயிரோடு இறங்கி வந்தும் தாயின் முகத்தில் விழிக்க மனமில்லாத ஒருவனை ஒனோஃப்ரே அவளுக்குச் செய்து கொடுத்திருந்தார்.

சொல்லிவிட வேண்டும் என்றுதான் நினைத்தார். ஆனால் அடுத்த முறை அவள் பொரித்த பூசணி ரொட்டிகளைத் துணியில் சுற்றி, சூடாகக் கொண்டுவந்து வைத்தாள்.

"ஐயா, ஒரு உதவி. அவன் மூஞ்சியை மட்டும் பெரிசா வரைஞ்சு தருவீங்களா? பத்திரிகையைக் காட்டினா ஒருத்தனும் சரியாப் பார்க்க மாட்டேங்கறான். எண்ணெய்க் கையை வைக்கிறானுங்க."

"யார்கிட்டக் காட்டினீங்க?"

"சாராயக் கடையில, சத்திரத்துல. ராத்திரி எங்கேயாவது தங்கித்தானே ஆகணும் அவன்."

அவர் வரைந்து கொடுத்தார். இதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை; அவராலும் முடிந்ததில்லை. பேசுவதைவிட வரைவது அவருக்கு எப்போதும் சுலபம். பழைய குறிப்புப் படத்தைப் பார்த்து, காது மடல் முதல் கழுத்துத் துணியின் முடிச்சு வரை, ஒரு உயிருள்ள பையனை அட்டையில் கொண்டுவந்துவிட்டார். அவள் வாங்கிப் பார்த்து, "இப்ப வாயைத் திறந்து திட்டுவான்போல இருக்கு" என்று சந்தோஷப்பட்டாள்.

துறைமுகத்துக் குடிகாரர்களுக்கு அது கொண்டாட்டமாகப் போயிற்று. படத்தைப் பார்த்து "பார்த்தேன்" என்று சொன்னால் அந்தம்மா ஒரு கோப்பை வாங்கித் தருவாள் என்ற சேதி கடை கடையாகப் பரவியது. பெர்மீனைப் பார்க்காதவனே இல்லை என்றாயிற்று. ஒருத்தன் அவனைச் செம்பட்டை முடிக்காரி ஒருத்தியுடன் பார்த்தான். இன்னொருத்தன் சூதாட்டத்தில் சட்டையைக்கூடத் தோற்றதைப் பார்த்தான். மூன்றாமவனிடம் கத்தியைக் காட்டினானாம். உயிரோடிருந்தபோது உப்பு மூட்டை சுமந்ததைத் தவிர வேறொன்றும் அறியாத பையன், செத்த பிறகு குடிகாரர்கள் வாயில் நாளுக்கு நாள் கெட்டுக்கொண்டே போனான்.

ரொசெந்தா கடைசியாக அலுவலகத்துக்கு வந்த அன்று உட்காரவில்லை. இளைத்துப் போயிருந்தாள்.

"இனிமே தேடப்போறதில்லைங்க. சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன்."

"ஏம்மா?"

"அம்மாவைப் பத்திக் கேட்டதுக்கு அந்தக் கிழவியான்னு காறித் துப்பினானாம். நேத்து ஒருத்தன் சொன்னான்." முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். "நான்தான் சரியா வளர்க்கலை. அப்பன் இல்லாத பிள்ளைன்னு அடிக்கிறப்பக் கொஞ்சம் அதிகமா அடிச்சுட்டேன். எல்லாத்தையும் மனசுல வச்சிருக்கான்."

அவள் படியிறங்கும் சத்தம் அடங்கியது. ஒனோஃப்ரே எழுந்து ஆசிரியர் அறைக்குள் கதவைத் தட்டாமல் நுழைந்தார்.

"பதினெட்டாம் தேதிப் படம் பொய்னு ஒரு வரி போடணும்."

தொன் எவாரிஸ்தோ கண்ணாடியைக் கழற்றினார். "எந்தப் பதினெட்டாம் தேதி? ஊரே மறந்தாச்சு. நீ ஏன் கிளறுறே?"

"ஒருத்தி மறக்கலை."

"ஒருத்திக்காக ஒரு வரி போட்டா, நாளைக்கு நீ வரைஞ்ச தீயும் பொய், பிணமும் பொய்ம்பாங்க. உன் பேரு என்னய்யா ஆகும்? இந்தப் பத்திரிகையில எனக்கு இருக்கிற ஒரே சொத்து உன் பேருதான்."

"என் பேரையே போட்டு எழுதுங்க. நான் ஏமாத்தினேன்னு போடுங்க."

"அந்தம்மாவுக்குப் படிக்கத் தெரியுமா?"

"தெரியாது."

"தெரியாதில்ல? அப்ப வரி எதுக்கு? வாய் இருக்கு, கால் இருக்கு. நீயே ஏறிப் போய்ச் சொல்லேன்."

சில சமயம் அயோக்கியர்கள்கூடச் சரியான பேச்சைப் பேசிவிடுகிறார்கள். அதைப்போல எரிச்சல் தருவது வேறில்லை. அன்றோடு ஒனோஃப்ரே வேலையை உதறிவிட்டு வெளியேறினார் என்று எழுத எனக்கும் ஆசைதான். உதறவில்லை. பிறகும் பல வருஷம் அதே மேசையில்தான் இருந்தார், நல்ல படங்கள் நிறைய வரைந்தார், மாலை போட்டுப் பாராட்டினார்கள். அன்று அவர் செய்தது ஒன்றுதான். கொடி இல்லாத அந்தப் பழைய படத்தின் ஒரு பிரதியைத் தேடி எடுத்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு, தோரோ மேட்டுக்கு ஏறினார்.

அவள் வீடு ஒற்றை அறை. கரி அடுப்பின் மேல் மூன்று இஸ்திரிப் பெட்டிகள் காய்ந்துகொண்டிருந்தன. அவரைக் கண்டதும் அவள் முகம் மலர்ந்தது. ஒரு முக்காலியை முக்காட்டு நுனியால் துடைத்துப் போட்டாள்.

"எதுக்கு இவ்வளவு தூரம்? மூச்சு வாங்குது பாருங்க. டீ போடட்டுமா?"

"வேண்டாம்மா. ஒண்ணு சொல்லணும். நடுவுல பேசாமக் கேளுங்க, அப்புறம் எனக்குத் தைரியம் வராது."

சொன்னார். சுற்றி வளைக்காமல், கப்பல் இந்தத் துறைமுகத்துக்கு வரவே இல்லை என்றும், படம் இரண்டு வருஷம் பழையது என்றும், பெர்மீன் மற்றவர்களோடு பாறைக்கருகில் போய்விட்டான் என்றும் சொன்னார். அவள் காலரை மடிப்பதை நிறுத்தவில்லை. எல்லாம் கேட்டுவிட்டு, கொஞ்சம் குரலைத் தாழ்த்திக் கேட்டாள்:

"அவனைப் பார்த்தீங்களா?"

"என்னம்மா?"

"பார்த்திருக்கீங்க. செத்துட்டேன்னு போய்ச் சொல்லுங்க, அப்பத்தான் கிழவி தொல்லை விடும்னு அவன்தானே உங்களை அனுப்பினான்?"

இப்படி ஒரு கேள்வி வரும் என்று ஒனோஃப்ரே மேடேறும்போது நினைக்கவே இல்லை. பதில் சொல்லாமல் சட்டைக்குள்ளிருந்து பழைய பிரதியை எடுத்து, அவள் சுவரில் குத்தி வைத்திருந்த முதல் பக்கத்தையும் கழற்றி, இஸ்திரி மேசையில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்தார்.

"இதுல கொடி இருக்கு. இதுல இல்ல. மத்தபடி ஒரு கோடு மாறியிருக்கான்னு பாருங்க."

அவள் பார்த்தாள். இதிலிருந்து அதற்கும் அதிலிருந்து இதற்குமாக வெகுநேரம் பார்த்தாள். அடுப்பில் கரி சரிந்தது.

"அப்ப இது போறப்ப."

"ஆமாம்மா."

"இங்க வந்து இறங்கவே இல்லை."

"இல்லம்மா."

"அப்ப அந்தச் செம்பட்டை முடிக்காரி?"

"யாரும் இல்லம்மா. எல்லாம் ஒரு கோப்பைக்காகச் சொன்னது."

"என்னைக் கிழவின்னு துப்பினது?"

"அதுவும் பொய். அவன் உங்ககிட்டத்தான் வந்துக்கிட்டிருந்தான். திருநாளுக்கு."

ரொசெந்தா மூச்சை இழுத்து விட்டாள். முகத்தில் இறுகியிருந்தது ஏதோ தளர்ந்தது. மகன் செத்துப்போனான் என்று கேட்ட ஒரு தாயின் முகம் அப்படித் தெளிவதைப் பார்க்க ஒனோஃப்ரேவுக்குப் பயமாக இருந்தது. ஆனாலும் கடினமான பகுதி முடிந்துவிட்டது என்று நினைத்தார். எழுந்திருக்கக்கூடப் பார்த்தார்.

"ஐயா."

அவள் விரல் பழைய படத்தில் இருந்தது. தூக்கிய கையின்மேல்.

"போறப்பன்னா, இவன் யாருக்குக் கை காட்டுறான்?"

ஒனோஃப்ரே அவளைப் பார்த்தார்.

"நான் அன்னைக்குத் துறைமுகத்துக்குப் போகலைங்களே. வேற யாரும் கிடையாது அவனுக்கு. இப்படிச் சிரிச்சுக்கிட்டு யாரைப் பார்க்கிறான்?"

அந்தக் காலை அவருக்கு நன்றாக நினைவிருந்தது. கப்பலில் நின்ற ஒவ்வொருவனும் கீழே தன்னுடைய ஆட்களையே பார்த்துக்கொண்டிருந்தான். அதனால்தான் வரைபவருக்கு முதுகும் காதுமாகவே கிடைத்தன. ஒரு பையன் மட்டும் பாலத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் தேடினான். மறுபடியும் முதலிலிருந்து தேடினான். சங்கு ஊதி, கப்பல் நகர ஆரம்பித்தபோது, தன்னையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்த ஒரே ஆளை அவன் கண்டுபிடித்தான்.

"எனக்குத்தாம்மா" என்றார். "நான் பார்த்துக்கிட்டே வரையறேனில்ல. அதைப் பார்த்துட்டு எனக்குக் கை காட்டினான்."

"உங்களைத் தெரியுமா அவனுக்கு?"

"தெரியாது."

ரொசெந்தா அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீங்களாவது பதிலுக்குக் கை காட்டினீங்களா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவள் நம்பியிருப்பாள். அவர் இதுவரை போட்ட எதையும் அவள் நம்பாமல் இருந்ததில்லை.

"இல்லம்மா. ஒரு கையில அட்டை, ஒரு கையில பென்சில். வேலை இருந்துச்சு."

அவள் தலையை ஆட்டினாள். கோபப்படவில்லை.

"எனக்கும் அன்னைக்கு வேலை இருந்துச்சு" என்றாள். "காலர் இஸ்திரி போடணும்னு சொல்லிக்கிட்டு வீட்லயே இருந்துட்டேன்."

அதற்குப் பிறகுதான் அவள் அழ ஆரம்பித்தாள்.